பைக்கை அனுப்பணுமா? முதல்ல டேங்க்கைத் திறங்க

இந்த மாதிரி வீடியோ ஒண்ணாவது நீங்க பார்த்திருப்பீங்க. மொராக்கோவில் டாஞ்சியர் துறைமுகத்தில் ஒருத்தர் பைக்கோடு கப்பலுக்குள் ஏறுவார். பைக்கை நாடா போட்டு இறுக்கிக் கட்டுவாங்க. ஒன்றரை மணி நேரம் கழித்து ஸ்பெயினின் அல்ஜெசிராஸில் இறங்கி ஓட்டிக்கிட்டே போயிடுவார். ஆப்பிரிக்கா முடிஞ்சது, ஐரோப்பா ஆரம்பம். ஜிப்ரால்டர் ஜலசந்தியின் குறுகலான இடத்தில் ரெண்டு கண்டத்துக்கும் நடுவில் இருப்பது 14 கிலோமீட்டர் தண்ணிதான்.

லைக் போட்டுட்டு போனை வைக்கிறோம். ஆனா திருத்தங்கல்லில் வீட்டு வாசலில் நிற்கிற நம்ம பைக்கை ஒரு பெங்களூருக்கோ புனேவுக்கோ அனுப்பணும்னா எத்தனை பேருக்கு வழி தெரியும்? ஃபைனல் இயர் முடியப் போகுது. ஆஃபர் லெட்டர் வந்தவங்க முதலில் ரூம் தேடுறாங்க, அடுத்து பைக்கை என்ன பண்றதுன்னு கேட்கிறாங்க. விற்க மனசு வராது. புனே வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போறேன்னா வீட்டில் விட மாட்டாங்க. அதனால் முதலில் நம்ம பக்கத்துக் கதையைப் பார்ப்போம், அப்புறம் அந்த வீடியோவுக்கு வருவோம். ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்.

நீங்கள் ஓட்டும் வரைக்கும் பைக் ஒரு வாகனம். ரயிலிலோ லாரியிலோ கப்பலிலோ ஏற்றிய நிமிஷத்தில் அது சரக்கு. சரக்கு என்றால் அதைத் தூக்குகிறவன் கேட்பது வேற கேள்விகள்: உள்ளே எரியக்கூடியது என்ன இருக்கு, இது யாருடையது, உடைந்தால் இதன் மதிப்பு எவ்வளவு?

இந்தக் கேள்விகள் நம்ம ஊருக்குப் புதுசில்லை. பட்டாசு லோடு இதே கேள்விகளைத் தாண்டித்தான் ஊரை விட்டு வெளியே போகுது. இந்திய வெடிபொருள் விதிகளில் தயாரான பட்டாசுக்கு வகுப்பு 7, பிரிவு 2 என்று இடம். அதே பட்டாசு கப்பல் ஏறினால் ஐநா வகைப்பாட்டில் வகுப்பு 1 ஆகிவிடும். கம்பி மத்தாப்பு போன்ற ரகங்களுக்கு 1.4ஜி, யூஎன் 0336. சரி, பைக்குக்கு இப்படி நம்பர் உண்டா? உண்டு. பெட்ரோல் வண்டிக்கு யூஎன் 3166, வகுப்பு 9. நம்ம ஊர் சரத்துக்கும் நீங்க காலேஜுக்கு ஓட்டி வர்ற பைக்குக்கும் ஒரே புத்தகத்தில் இடம் இருக்கு. பக்கம்தான் வேற.

டேங்க்கில் என்ன இருக்கு?

பைக்கை புக் பண்ணும்போது எல்லாரும் சொல்லும் முதல் வார்த்தை, "பெட்ரோல் சுத்தமா இருக்கக் கூடாது." பல பேர் இதை ரயில்வேக்காரங்க கெடுபிடி என்று நினைக்கிறாங்க. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரியும். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது, சுமார் 7.6 சதவீதத்துக்கு மேலே போனாலும் ஆக்ஸிஜன் போதாமல் பற்றாது. நடுவில் இருந்தால் ஒரு பொறி போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். மூலக்கூறு எடை தோராயமாக 100 என்று வைத்தால், அறை வெப்பநிலையில் அது 180 லிட்டர் ஆவி ஆகும். 1.4 சதவீதக் கலவைக்கு அது எவ்வளவு இடத்தை நிரப்பும்? கிட்டத்தட்ட 13 கன மீட்டர். பத்துக்குப் பத்து ஹாஸ்டல் ரூமில் பாதி. பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று மடங்குக்கு மேல் கனம் என்பதால் மேலே போய்க் கலையாது, தரையோடு ஊர்ந்து போகும். மூடிய லக்கேஜ் பெட்டியில் பைக் சாய்ந்து, மூடி வழியாக ஒரு லிட்டர் ஒழுகினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதில் நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. நிறைஞ்ச டேங்க்கை விட, "காலி பண்ணிட்டேன்" என்று சொல்லும் டேங்க் சில நேரம் அதிக ஆபத்து. நிறைஞ்ச டேங்க்குக்குள் திரவத்துக்கு மேலே இருக்கும் சின்ன இடத்தில் ஆவி மிக அடர்த்தி, 7.6 சதவீதத்தை எப்பவோ தாண்டியிருக்கும். உறிஞ்சி எடுத்த பிறகு அடியில் மிஞ்சும் கொஞ்சம்தான் பிரச்சினை. 12 லிட்டர் டேங்க்கை அந்த ஆபத்தான எல்லைக்குள் கொண்டுவர எவ்வளவு பெட்ரோல் வேணும்? அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சுமார் 1 மில்லியில் இருந்து 5 மில்லி வரை. ஒரு டீஸ்பூன்! காலி டேங்க்கை ஒட்டு வைக்க வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனா, அனுபவப்பட்ட மேஸ்திரி முதலில் அதைத் தண்ணி ஊற்றி நிரப்பச் சொல்வது இதனால்தான்.

ஆகவே காலி பண்ணுவது என்றால் வடிப்பதோடு முடியவில்லை, காற்றாட விடவும் வேணும். திறந்த வெளியில், அடுப்பு, ஸ்விட்ச் போர்டு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வடியுங்க. மூடியைத் திறந்தே வச்சு, சில மணி நேரம் ஆவி போன பிறகு மூடுங்க. வாயால் உறிஞ்ச வேண்டாம்; கொஞ்சம் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரி வாசம்தான். வாட்டர் பாட்டிலில் பிடிக்காமல் உலோக கேனில் பிடிங்க. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை ரூமுக்குள் போகும் முன்னாடி வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போகச் சொல்வாங்களே, அதே நிலைமின்சாரப் பயம்தான் இங்கேயும்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பைத் திறந்து குழாயைக் கழற்றினால் வடிஞ்சிடும், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவையும் ஒரு திருகு திருகணும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதில் டேப் கிடையாது, பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். "ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட்டித் தீர்த்துடுவோம்" என்று சிலர் செய்வாங்க, செய்யாதீங்க. அந்த பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். காய்ந்து சுற்றினால் ஆயுள் குறையும். கடைசி ஒரு வாரம் பெட்ரோல் போடாமல் ஓட்டி, மிச்சத்தைத் தெரிஞ்ச மெக்கானிக்கிடம் எடுக்கச் சொல்லுங்க.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்க சிரிக்க வேண்டாம். பெட்ரோலை வடிக்கலாம், லித்தியம் பேட்டரியை வடிக்க முடியாது. சர்வதேச விதிகளில் லித்தியம் அயான் பேட்டரி வண்டிக்கு என்றே இப்போ யூஎன் 3556 என்று தனி நம்பர் வந்திருக்கு. அனுப்பும் முன்னாடி பார்சல் ஆபீசில் வண்டி மாடலைச் சொல்லி நேரில் கேட்டுடுங்க.

ரயில்

திருத்தங்கல்லுக்கு ஸ்டேஷன் இருக்கு, விருதுநகர் - தென்காசி பாதையில் ரயிலும் வருது. ஆனா நிற்பது ஓரிரு நிமிஷம். அந்த நேரத்தில் 140 கிலோ பைக்கை யாரும் ஏற்ற மாட்டாங்க. நடைமுறையில் மதுரைதான் நல்லது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி அங்கேயே கிளம்பும் வண்டி என்றால் பிளாட்பாரத்தில் ரொம்ப நேரம் நிற்கும், அவசரம் இல்லாமல் ஏற்றலாம். ஏற்றுவது அவசரமாக நடந்தால் பைக்தான் அடி வாங்கும். அதனால் ஊரிலிருந்து மதுரைக்கு எழுபத்து சொச்சம் கிலோமீட்டரை நீங்களே ஓட்டிப் போய், அங்கே வடிச்சு, அங்கேயே பேக்கிங் பண்ணுவது உத்தமம்.

அனுப்புவதில் ரெண்டு வழி. அதே ரயிலில் உங்களுக்கு டிக்கெட் இருந்தால் லக்கேஜாக புக் பண்ணலாம். நீங்க போகாமல் பைக் மட்டும் போகணும்னா பார்சல். லக்கேஜுக்குக் கட்டணம் கூடுதல், ஆனா உங்களோடயே வந்து இறங்க வாய்ப்பு அதிகம். பார்சல், இடம் இருக்கும் ரயிலில்தான் போகும். நாலு நாள் தள்ளியும் வரும். கட்டணம் எடை, தூரம், எந்த ரக ரயில் என்பதைப் பொறுத்தது. ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், ஆதார், எல்லாவற்றுக்கும் நகல் கையில் இருக்கட்டும்.

பார்சல் ஆபீஸ் வாசலில் சாக்கு, வைக்கோலோடு பேக்கிங் ஆட்கள் இருப்பாங்க. கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் எடுத்துக்கோங்க. ஹெட்லைட், டேங்க், இண்டிகேட்டர் மேல கூடுதலா ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்க. அனுப்பும் ஸ்டேஷன், போகும் ஸ்டேஷன், பெயர், போன் நம்பர் எழுதிய அட்டையை ஒண்ணுக்கு ரெண்டா கட்டுங்க. வழியில் ஒண்ணு கிழிஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும். சாக்கு சுற்றும் முன்னாடி நாலு பக்கமும், ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஐப்பசி நெருங்கும்போது இன்னொரு தொந்தரவு வரும். "மாப்ள, அங்க பட்டாசு விலை ஜாஸ்தி, சைடு பாக்ஸ்ல நாலு பாக்கெட் வச்சு விட்டுருடா" என்று யாராவது கேட்பாங்க. சிவகாசிப் பக்கம் பிள்ளை என்றால் கேட்காமல் இருக்க மாட்டாங்க. 1989 ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி இதற்கு மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆயிரம் ரூபாயைப் பார்த்து ஏமாறாதீங்க, ஜெயிலைப் பாருங்க. அதை விட, 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நடந்ததை நினைச்சுப் பாருங்க. ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒண்ணு தீப்பிடிச்சு ஒன்பது பேர் இறந்தாங்க. உள்ளே மறைச்சுக் கொண்டு வந்த சமையல் கேஸ் சிலிண்டர்தான் காரணம். எடுத்துட்டு வந்தவங்களும் "டீ போடத்தானே" என்று நினைச்சிருப்பாங்க.

மதிப்பை எழுதுங்க

இனி வருவது யாரும் சொல்லித் தராத பகுதி. பார்சல் ஃபாரத்தில் பொருளின் மதிப்பை எழுத ஒரு இடம் இருக்கும். பெரும்பாலானவங்க அதை விட்டுடுவாங்க, இல்லை புக்கிங் ஏஜென்ட் சின்னதா ஒரு தொகை போடுவார். ரயில்வே சட்டத்தின் 103-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மதிப்பை அறிவிச்சு அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வேயின் பொறுப்பு எடைக் கணக்கில் நின்றுவிடும். 1990-ல் வந்த விதிப்படி பார்சலுக்கு அந்த வரம்பு கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய். 140 கிலோ பைக்கைப் பெருக்கிப் பாருங்க: பார்சலில் போனால் 7,000 ரூபாய். உங்க பைக் 90,000 ரூபாய்க்குப் போகும் என்றாலும் பேப்பரில் அது 7,000 ரூபாய் இரும்புதான். மதிப்பை எழுதி அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கட்டி, ரசீதில் ஏறியிருக்கா என்று பார்த்துட்டு நகருங்க.

"எனக்கு இன்சூரன்ஸ் இருக்கே!" இருக்கலாம். எந்த இன்சூரன்ஸ்? நம்ம நாட்டு மோட்டார் பாலிசியில் ஓன் டேமேஜ் பகுதி இருந்தால், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் இவற்றில் கொண்டு போகும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். பலருக்கு இது தெரியவே தெரியாது. ஆனா 2018 செப்டம்பரில் இருந்து புது டூ வீலருக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். அப்பா வாங்கும்போது ஓன் டேமேஜ் ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டிருப்பார், அது முதல் பிறந்தநாளோடு முடிஞ்சிருக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் மிச்சம் இருக்கும். அதில் உங்க பைக்குக்குப் பத்துப் பைசா வராது. பாலிசியைத் திறந்து ஒரு தடவை படிச்சிடுங்க. இன்னொண்ணு: அந்தப் பட்டியலில் கடல் இல்லை. கப்பலில் அனுப்பினால் தனியா மரைன் இன்சூரன்ஸ் எடுத்தாகணும்.

லாரி பார்சல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலண்டர், நோட்டு, தீப்பெட்டி என்று சரக்கு ஏற்றியே வளர்ந்த ஊர், சர்வீஸுக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாசலில் எடுப்பாங்க என்பது வசதி. சரக்கு ரசீதில் வண்டி நம்பரும் மதிப்பும் இல்லாமல் பைக்கைக் கொடுக்காதீங்க.

வேற மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வண்டியை வச்சிருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி அங்கே மறுபதிவு பண்ணணும். அதற்கு நம்ம ஆர்டிஓவில் இருந்து என்ஓசி வேணும், லோன் இருந்தால் பேங்க் சம்மதமும் வேணும். சென்னைக்குப் போறவங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இப்போ அந்த வீடியோ

டாஞ்சியரில் பைக்கோடு ஏறினவர் டேங்க்கைக் காலி பண்ணலையே என்று கேட்கலாம். அவர் ஏறியது வண்டிகளை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பல். அந்தத் தளத்துக்குக் காற்றோட்டமும் தீயணைப்பும் அதற்கென்றே அமைச்சிருப்பாங்க. அதே பைக்கைப் பெட்டிக்குள் அடைச்சுக் கன்டெய்னரில் அனுப்பினால், டேங்க் காலியாகவும் பேட்டரி ஷார்ட் ஆகாமலும் இருந்தால்தான் அது ஆபத்தான சரக்குக் கெடுபிடிகளில் இருந்து தப்பும். விமானத்தில் என்றால் முடிஞ்ச வரை வடிக்கணும், மிச்சம் எந்த நிலையிலும் டேங்க்கில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. நீங்க மதுரை பார்சல் ஆபீசில் கேட்ட அதே வார்த்தைகள்தான்.

நமக்கும் ஒரு ஜலசந்தி இருக்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவுதான் தூரம். 1964 டிசம்பர் புயல் வரைக்கும் ரயிலில் போய் இறங்கி, கப்பலில் கடந்து, அந்தப் பக்கம் ரயில் பிடிச்சாங்க. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாங்க, ஆனா அது ஆட்களுக்கானது. பைக்கோடு யாழ்ப்பாணம் போய் இறங்கும் காலம் இன்னும் வரலை.

தரை வழியாக ஐரோப்பா போவதும் வரைபடத்தில்தான் சுலபம். வாகா வழி அடைப்பு. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர் போகும் பாதை 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு நம்ப முடியாத நிலை. நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் போனால் சீன அரசு அனுமதித்த வழிகாட்டியை முழு தூரமும் கூட வச்சுக்கணும், செலவு கண்ணைக் கட்டும். அதனால் பலர் பைக்கை வளைகுடாவுக்கோ ஈரானுக்கோ கப்பலில் அனுப்பி, அங்கிருந்து துருக்கி வழியாக ஓட்டுவாங்க. 2006-07-ல் விசாகப்பட்டினத்துக்காரர் பரத்வாஜ் தயாளா ஒரு ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் தனியாக உலகைச் சுற்றினார். அவருக்கும் கடல் வந்த இடத்தில் பைக் சரக்குதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் போக்குவரத்தும் உண்டு, அது நமக்கு இன்னும் பக்கம். ஆப்பிரிக்க நகரங்களில் ஆளை ஏற்றிக்கிட்டு ஓடும் டாக்ஸி பைக்குகளில் நிறைய இந்திய வண்டிகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ், அந்தச் சாலைகளுக்காகவே 2013-ல் எச்எல்எக்ஸ் என்ற ரகத்தை இறக்கியது. பல நாடுகளுக்கு இப்படிப்பட்ட பைக்குகள் உதிரிகளாகப் பெட்டியில் போய், அங்கே பூட்டப்படுகின்றன. பெட்டிக்குள் அடுக்கினால் இடம் மிச்சம், சுங்கவரியும் பல இடங்களில் குறைவு. சென்னையில் இருந்து ராயல் என்ஃபீல்டு ஐரோப்பாவுக்குப் போகுது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாக ஐரோப்பா போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு என்ஜினை டிசைன் பண்ணுவது மட்டும் வேலை இல்லை. அந்த என்ஜின் எந்தப் பெட்டியில், எந்த வழியில், என்ன பேப்பரோடு போகும் என்பதிலும் பெரிய வேலைவாய்ப்பு இருக்கு. எங்க சிலபஸில் அதைப் பற்றி ஒரு யூனிட் கூட இல்லை.

பேப்பர் என்றதும் ஞாபகம் வருவது கார்னே. கார்னே டி பாசாஜ் என்று பிரெஞ்சுப் பேர், சுருக்கமாகச் சொன்னால் வண்டிக்கான பாஸ்போர்ட். ஒரு நாட்டுக்குள் பைக்கைக் கொண்டு போனால், அதை அங்கேயே விற்றுவிட்டு இறக்குமதி வரியை ஏமாற்றுவீங்களோ என்று அந்த நாட்டு சுங்கத்துக்குச் சந்தேகம். "விற்க மாட்டார், திருப்பிக் கொண்டு போவார்" என்று யாராவது ஜாமீன் நிற்கணும். அந்த ஜாமீன்தான் கார்னே. இந்தியாவில் மும்பையின் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் போன்ற சங்கங்கள் தருகின்றன. வண்டி மதிப்பையும் போகும் நாடுகளையும் பார்த்து, அவங்க உங்களிடம் பெரிய தொகைக்கு வங்கி உத்தரவாதம் கேட்பாங்க. ஒரு வருஷம் செல்லும். மொராக்கோவுக்கு இது தேவையில்லை, துறைமுகத்திலேயே தற்காலிக அனுமதி கொடுப்பாங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தேவையில்லை. ஈரானுக்கும் எகிப்துக்கும் தேவை. வெளிநாட்டுக்காரர் நம்ம நாட்டுக்குள் பைக் கொண்டு வந்தாலும் இதே புத்தகத்தை நம்ம சுங்கம் கேட்கும்.

கார்னேயின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே போகும்போது ஒரு துண்டைக் கிழிச்சுக்குவாங்க, வெளியே வரும்போது இன்னொண்ணு. மூன்றாவது, ரெண்டு முத்திரையும் விழுந்த அடிக்கட்டை, உங்களிடமே இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லையில் தூக்கக் கலக்கத்தில் வெளியேறும் முத்திரையை வாங்காமல் வந்துட்டீங்கன்னா, அந்த நாட்டுக் கணக்கில் உங்க பைக் இன்னும் அங்கேயேதான் இருக்கு. வரியைச் சங்கத்திடம் கேட்பாங்க, சங்கம் உங்களிடம் கேட்கும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எல்லா அடிக்கட்டையும் சரியாக இருந்து, புத்தகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தால்தான் உத்தரவாதத்தை விடுவிப்பாங்க.

புனேவில் அப்படி எதுவும் இல்லை. ரசீதைக் காட்டி, சாக்கைப் பிரிச்சு, அடி பட்டிருக்கா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்க. பட்டிருந்தால் கையெழுத்துக்கு மேலேயே அதை எழுதச் சொல்லுங்க. சொன்ன நேரத்துக்குள் எடுக்காவிட்டால் மணிக்கணக்கில் வாடகை ஏறும். பக்கத்து பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். ஒரு லிட்டர் போட்டதும் உடனே ஸ்டார்ட்டரை அமுக்காதீங்க. சாவியை ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க. பம்ப் ஓடும் சத்தம் கேட்டு நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.